ஊருக்கு ஒரு காடு, காட்டுக்கு ஒரு பாதை



இன்றைய பேச்சின் பொருள், ஊருக்குள் இருக்கும் சிறு காடு. அந்தக் காட்டுக்குள் போகும் நடைபாதை. அந்தப் பாதையில் நடந்து போகும் மனிதர்கள்.

காடு என்றதும் நம் மனம் எங்கே போகிறது? முதுமலைக்குப் போகிறது, ஆனைமலைக்குப் போகிறது, களக்காட்டுக்குப் போகிறது. யானையும் புலியும் உலவும் அந்தப் பெருங்காடுகள் நாட்டின் செல்வம். ஐயமில்லை. ஆனால் நம் பேராவூரணியில் பள்ளிக்கூடம் போகும் ஒரு பிள்ளை தன் படிப்புக் காலத்தில் எத்தனை முறை முதுமலையைப் பார்க்க முடியும்? ஒரு சுற்றுலாவில் ஒரு முறை. பல பிள்ளைகளுக்கு அதுவும் இல்லை. எப்போதோ ஒரு முறை பார்ப்பதை வியக்கலாம். அடிக்கடி பார்ப்பதைத்தான் அறிந்துகொள்ள முடியும். அறிந்துகொண்டதைத்தான் காப்பாற்ற முடியும்.

ஆகவே நடந்து போகும் தூரத்தில் ஒரு காடு வேண்டும். சிறியதாக இருந்தால் போதும். ஆனால் அதற்கு மூன்று வேண்டும். நீர் வேண்டும். அந்த மண்ணுக்கே உரிய மரம் வேண்டும். கட்டுப்பாடுள்ள ஒரு பாதை வேண்டும். இந்த மூன்றையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம். கற்பனையாகச் சொல்ல வேண்டியதில்லை. செய்து காட்டிய ஊர்கள் இருக்கின்றன.

சிறியது என்றால் எவ்வளவு சிறியது? லண்டன் மாநகரின் நடுவே கிங்ஸ் கிராஸ் ரயில் நிலையம் இருக்கிறது. அதன் அருகே, கால்வாய்க் கரையில், ஒரு காலத்தில் ரயிலில் வந்த நிலக்கரியைக் கொட்டிவைத்த இடம் ஒன்று இருந்தது. நிலக்கரிக் காலம் முடிந்ததும் அந்த இடம் கைவிடப்பட்டது. செடி தானாக முளைத்தது. அதை வேறு வேலைக்கு எடுக்க முனைந்தபோது, அக்கம்பக்கத்து மக்கள் கூடி, இது எங்களுக்கு இப்படியே வேண்டும் என்றார்கள். 1985-ல் அது கேம்லி தெரு இயற்கைப் பூங்காவாகத் திறக்கப்பட்டது. அதன் பரப்பு என்ன? இரண்டு ஏக்கர்! நம் பக்கத்துக் கணக்கில் நூற்று நாற்பது தென்னை நிற்கும் இடம். அந்த இடத்துக்குள் ஒரு குளம், கொஞ்சம் நாணல், ஒரு சிறு மரக்கூட்டம், இவற்றின் ஊடே ஒரு பாதை. உலகின் பெருநகரங்களில் ஒன்றில் பிறந்த பிள்ளைகள் தட்டானின் இளம்புழு நீருக்குள் வாழ்வதை அந்தக் குளத்தின் ஓரம் குனிந்து பார்த்துக் கற்கிறார்கள்.

இடம் இல்லை என்று இனி யார் சொல்ல முடியும்?

இடம் இருக்கிறது, ஆனால் அது கெட்டுப்போன இடம் என்று சிலர் சொல்லலாம். குப்பைமேடு, கழிவுநீர், இடிபாடு. அங்கே என்ன வளரும் என்று கேட்கலாம். அவர்களுக்கு விடை சொல்ல லண்டன் வரை போக வேண்டாம். சென்னைக்குப் போனால் போதும்.

அடையாறு கடலில் கலக்கும் இடத்துக்கு அருகே, ராஜா அண்ணாமலைபுரத்தில், ஆற்றின் கிளையான ஒரு கழி உண்டு. கடல் ஏறும்போது உப்புநீர் உள்ளே வரும், மழைக்காலத்தில் நன்னீர் வந்து கலக்கும். இரண்டும் சந்திக்கும் அப்படிப்பட்ட இடத்தில்தான் மீன் குஞ்சு பொரிக்கும், நண்டு வளை தோண்டும், கரைப்பறவை இரை தேடும். அந்தக் கழிக்கு நகரம் என்ன செய்தது? குப்பையைக் கொட்டியது. வீடு இடித்த கல்லையும் மண்ணையும் கொட்டியது. சாக்கடையை விட்டது. நீர் நின்ற இடம் மேடாகியது. மேடான இடத்தில் கட்டடம் கட்டலாமா என்ற பேச்சு எழுந்தது. குடிமக்கள் அமைப்புகள் நீதிமன்றம் வரை போய் வாதாடின. பல ஆண்டுப் போராட்டத்துக்குப் பிறகு, அங்கே மிச்சமிருந்த 58 ஏக்கரை மீட்டு இயற்கைப் பூங்காவாக்க அரசு முன்வந்தது. அதற்கென ஓர் அறக்கட்டளையும் அமைந்தது.

அந்த வேலை எப்படி நடந்தது என்பதைக் கவனித்துக் கேளுங்கள். முதல் நாளே மரக்கன்றை நட்டுப் படம் எடுத்துக்கொள்ளவில்லை. முதலில் இடிபாட்டை அள்ளினார்கள். பிறகு மண்ணைத் தோண்டி நீர் நிற்கும் இடத்தை மீண்டும் உண்டாக்கினார்கள். கடல்நீர் வந்து போக வழி விட்டார்கள். முதலில் நீர்! நீர் திரும்பி வந்த பிறகுதான் மரம் வந்தது.

என்ன மரம்? ஆரோவில் பக்கத்தில் பிச்சாண்டிக்குளம் என்னும் இடத்தில் வறண்ட செம்மண் நிலத்தைக் காடாக்கிய அனுபவம் உள்ளவர்கள் இந்தப் பணிக்குத் துணை நின்றார்கள். சோழமண்டலக் கடற்கரைக்கு என்றே ஒரு காடு உண்டு. உலர் பசுமைமாறாக் காடு என்பார்கள். மழை குறைவு, கோடை நீளம், ஆனாலும் இலை உதிராமல் பசுமையாக நிற்கும் குட்டையான, அடர்ந்த காடு. பாலை, வீரை, காசான், நாவல், வெட்சி எல்லாம் அந்தக் காட்டின் பிள்ளைகள். புதுக்கோட்டைப் பக்கத்துக் கோயில் காடுகளிலும் கோடியக்கரையிலும் இன்றும் அதன் மிச்சத்தைப் பார்க்கலாம். மேட்டு நிலத்தில் அந்த மரங்களை வைத்தார்கள். உப்புநீர் ஓரத்தில், நம் முத்துப்பேட்டையில் நிற்கிறதே, அந்த அலையாத்தியை வைத்தார்கள். 2011 ஜனவரியில் பூங்கா திறக்கப்பட்டபோது அதற்குத் தொல்காப்பியப் பூங்கா என்று பெயர் சூட்டப்பட்டது. குப்பைமேடாக இருந்த இடத்தில் இன்று நண்டு ஊர்கிறது, கொக்கு நிற்கிறது, மீன்கொத்தி பாய்கிறது.

நீர் வந்தது, மரம் வந்தது. மூன்றாவது என்ன? கட்டுப்பாடு. எல்லோரையும் எல்லா நேரமும் அங்கே உள்ளே விட்டுவிடவில்லை. பல ஆண்டுகள் முன்பதிவு செய்தவர்களுக்கு மட்டுமே அனுமதி இருந்தது. பள்ளிப் பிள்ளைகள் குழுவாக வருவார்கள்; விவரம் தெரிந்த ஒருவர் உடன் நடப்பார்; வகுத்த பாதையில் மட்டும் நடப்பார்கள். நடுநகரில், நூறு அடி தள்ளிப் பேருந்து இரையும் இடத்தில், இந்த ஒழுங்கு சாத்தியமாகியிருக்கிறது.

பாதையைப் பற்றி இவ்வளவு அழுத்திச் சொல்வானேன்? ஆள்காட்டிக் குருவியை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். வரப்பில் கால் வைத்தால் ஊரையே எழுப்பிவிடும் குருவி. அது மரத்தில் கூடு கட்டாது. வெறுந்தரையில் முட்டை இடும். முட்டையின் நிறம் மண்ணின் நிறம். இரண்டடி தள்ளி நின்றாலும் கண்ணுக்குத் தெரியாது. பாதையை விட்டு இறங்கி நடக்கும் ஒரே ஒரு கால் போதும், அந்த முட்டைகள் முடிந்தன. மனிதன் பாதையில் மட்டும் நடப்பான் என்று தெரிந்துகொண்ட பறவை, பாதைக்குச் சற்றுத் தள்ளி அச்சமின்றி அடைகாக்கும். பாதை மனிதனை உள்ளே அழைத்துப் போகிறது. அதே பாதை அவனை அதற்குமேல் போகாமல் நிறுத்தியும் வைக்கிறது. இரண்டு வேலையையும் சேர்த்துச் செய்வதால்தான் சிறு காட்டுக்குப் பாதை உயிர்நாடி.

அப்படிப்பட்ட பாதைக்குத் தமிழர் வாழும் சிங்கப்பூரைப் பாருங்கள். அந்தத் தீவின் வடமேற்கு ஓரத்தில் சுங்கை பூலோ என்னும் சதுப்புநிலம் இருக்கிறது. இறால் குளங்கள் இருந்த இடம். 1986-ல் பறவை ஆர்வலர்கள் சிலர் அங்கே வடக்கிலிருந்து வலசை வரும் கரைப்பறவைகள் ஏராளமாக இறங்குவதைக் கண்டு, இதைக் காப்பாற்றுங்கள் என்று அரசுக்கு எடுத்துச் சொன்னார்கள். ஒவ்வோர் அங்குல நிலத்துக்கும் விலை உள்ள நாடு அது. ஆனாலும் அரசு செவிசாய்த்தது. 1993-ல் 87 ஹெக்டேர் பரப்பில் இயற்கைப் பூங்காவாகத் திறந்தது. 2002-ல் பரப்பை இன்னும் கூட்டிச் சட்டப்படியான காப்பகமாக்கியது. அங்கே சேற்றின்மேல் மரப்பலகைப் பாதை போகிறது. பறவை கூடும் இடங்களில் பலகையால் மறைவிடம் கட்டியிருக்கிறார்கள். சுவரில் சிறு சிறு திறப்புகள். உள்ளே நிற்கும் மனிதன் பறவையைப் பார்க்கலாம். பறவைக்கு மனிதன் தெரியமாட்டான்.

அன்பர்களே, நல்ல செய்தியை மட்டும் சொல்லி அமர்ந்துவிட்டால் அது நேர்மையாகாது. காப்பாற்றத் தவறினால் என்ன ஆகும் என்பதற்கும் சென்னையிலேயே சான்று உண்டு. கிண்டிக் காட்டை 1821-ல் ஆங்கில அரசு விலைக்கு வாங்கியது. 1910-ல் காப்புக்காடாக அறிவித்தபோது அதன் பரப்பு 500 ஹெக்டேருக்குமேல். பிறகு என்ன நடந்தது? தலைவர்களின் நினைவகங்களுக்குக் கொஞ்சம் போனது. கல்வி நிறுவனங்களுக்குக் கொஞ்சம் போனது. அலுவலகங்களுக்குக் கொஞ்சம் போனது. ஒவ்வொன்றும் நல்ல காரியந்தான். ஒவ்வொரு முறையும் கொஞ்சந்தான். 1978-ல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டபோது மிஞ்சியது சுமார் 270 ஹெக்டேர். இந்தியாவின் மிகச் சிறிய தேசியப் பூங்காக்களில் ஒன்று. அந்த மிச்சத்தில்தான் இன்றும் வெளிமானும் புள்ளிமானும் மேய்கின்றன. பெரிய நகரத்தின் நடுவே மான் மேய்வது பெருமை. பாதிக் காடு போன பிறகுதான் வேலி வந்தது என்பது பாடம்.

சரி, சென்னையும் சிங்கப்பூரும் தூரம். காவிரிக் கரையில் என்ன இருக்கிறது?

திருவரங்கத்துக்கு மேற்கே, காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட தீவில், மேலூர்ப் பக்கம் ஒரு வண்ணத்துப்பூச்சிப் பூங்கா இருக்கிறது. வனத்துறை அமைத்தது. 2015 டிசம்பரில் திறக்கப்பட்டது. சுமார் 25 ஏக்கர். நூற்றுக்கும் மேற்பட்ட வண்ணத்துப்பூச்சி வகைகள் அங்கே பதிவாகியுள்ளன. அவற்றை யாரும் கூண்டில் கொண்டுவந்து விடவில்லை. அவை தாமாக வந்தன. ஏன் வந்தன? செடியை வைத்தார்கள், வந்தன. வண்ணத்துப்பூச்சி தேனுக்குப் பல பூவைத் தேடும். முட்டையிட மட்டும் தன் புழு தின்னும் செடியைத்தான் தேடும். எலுமிச்சையிலும் வில்வத்திலும் முட்டையிடும் வகை ஒன்று. நாம் களை என்று பிடுங்கி எறியும் எருக்கஞ்செடியை நம்பி வாழும் வெந்தய வரியன் ஒன்று. ஆடுதீண்டாப்பாளையைத் தேடி வருவது இன்னொன்று. செடி இருந்தால் பூச்சி, பூச்சி இருந்தால் பறவை. அழகுக்காக வெளிநாட்டுப் புல்லை விரித்து, வரிசையாக ஒரே செடியை வெட்டி வைத்தால் அது கண்ணுக்குப் பச்சை. வண்ணத்துப்பூச்சிக்கு அது பாலைவனம்.

இன்னும் பக்கத்தில் வாருங்கள். தஞ்சாவூரிலிருந்து மன்னார்குடி போகும் சாலையில் வடுவூர் ஏரி. சுமார் 128 ஹெக்டேர். 1999-ல் பறவைகள் காப்பகமானது. 2022-ல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்று உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமானது. அது என்ன பெருங்காடா? அது ஒரு பாசன ஏரி! ஆற்று நீர் வாய்க்கால் வழி வந்து நிறைகிறது, கோடையில் வற்றுகிறது. நீர் நிறைந்த மாதங்களில் கூழைக்கடாவும் அரிவாள் மூக்கனும் நத்தைகுத்தி நாரையும் நீர்க்காகமும் கூடுகின்றன. கரையில் நடந்து, கோபுரத்தில் ஏறிப் பார்க்கலாம். அதே ஏரி நெல்லுக்கும் நீர் தருகிறது. உழவருக்கும் பறவைக்கும் அங்கே சண்டை இல்லை. நத்தைகுத்தி நாரை வயலில் இறங்கி நத்தையைத் தின்கிறது. இதைவிட நல்ல கூட்டாளி உழவனுக்கு எங்கே கிடைப்பான்?

இப்போது நம் ஊருக்கு வருவோம்.

பேராவூரணி கடைமடை. கல்லணைக் கால்வாய் தஞ்சாவூர், ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை என்று எல்லா ஊருக்கும் கொடுத்துவிட்டுக் கடைசியில் இங்கே வருகிறது. மேட்டூரில் திறந்த நீர் இங்கு எட்டுவதற்குள் நாள் பல ஆகும். சில ஆண்டு எட்டாமலும் போகும். அதனால்தான் முன்னோர் இந்தப் பகுதியெங்கும் குளமும் ஏரியும் வெட்டி வைத்தார்கள். கடைமடைக்காரனுக்குக் குளம் வயிற்றுப்பாடு.

2018 நவம்பர் 16. அந்தத் தேதியை இந்த அரங்கில் யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. கஜா புயல், பிள்ளைபோல் வளர்த்த தென்னையை ஓர் இரவில் வேரோடு சாய்த்தது. தோப்பு போனது, நிழல் போனது, கூடு கட்டிய கிளை போனது. ஆனால் அந்த அழிவிலிருந்துதான் ஒரு நல்ல காரியமும் எழுந்தது. இந்தப் பகுதி இளைஞர்களும் விவசாயிகளும் சேர்ந்து கைஃபா என்று அறியப்படும் கடைமடைப் பகுதி விவசாயிகள் அமைப்பை உருவாக்கினார்கள். 2019-ல் அவர்கள் முதலில் கைவைத்தது நம் பெரியகுளத்தில். 564 ஏக்கர் ஏரி! ஊர் மக்கள் பணம் கொடுத்தார்கள், வெளிநாட்டில் வேலை பார்க்கும் பிள்ளைகள் அனுப்பினார்கள். தூர் வாரிக் கரையைப் பலப்படுத்தினார்கள். இங்கே எழுந்த அந்த முயற்சி பிறகு வேறு மாவட்டங்களின் ஏரிகளுக்கும் பரவியது. நாடே திரும்பிப் பார்த்த பணி அது.

மூன்றில் முதலாவது நீர் என்று சொன்னோம் அல்லவா? அந்தக் கடினமான வேலையைப் பேராவூரணி ஏற்கனவே செய்துவிட்டது. மீதி இரண்டுதான் நம் முன்னே நிற்கின்றன: மண்ணின் மரமும் கட்டுப்பாடுள்ள பாதையும்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். பாசன ஏரி முதலில் பாசனத்துக்கு. ஆயக்கட்டுதாரரின் உரிமையில் யாரும் கைவைக்கக் கூடாது. மதகுக்கும் வாய்க்காலுக்கும் போகும் வழி எப்போதும் திறந்திருக்க வேண்டும். கேட்பது ஏரியை அல்ல. கரையின் ஒரு பகுதியை மட்டும். நீர்வளத்துறையும் பேரூராட்சியும் வனத்துறையும் விவசாயிகளும் உட்கார்ந்து பேசி, கரையின் ஒரு நீளத்தை நடைபாதைக் காடாக ஒதுக்கலாம். அங்கே சிமெண்டு வேண்டாம், மண்பாதை போதும். விளக்குக் கம்பம் வேண்டாம், இரவு ஆந்தைக்குரியது. ஒலிபெருக்கி வேண்டாம். சீமைக்கருவேலத்தையும் நெய்வேலிக் காட்டாமணக்கையும் வேரோடு எடுத்துவிட்டு, மருதும் நாவலும் புங்கனும் இலுப்பையும் பூவரசும் வைக்கலாம். நீர் ஓரத்தில் பறவை கூடு கட்ட நாட்டுக் கருவேலம் வைக்கலாம். பனையை விட்டுவிடக் கூடாது. தூக்கணாங்குருவிக்கு அதன் ஓலைதான் வீடு.

நடக்க வருகிறவர்களுக்கும் சில வார்த்தை. விடிந்ததும் வாருங்கள், வெயில் ஏறினால் பறவை அடங்கிவிடும். கூட்டமாக வராதீர்கள், நாலைந்து பேர் போதும். கைபேசிப் பாட்டை நிறுத்துங்கள். பத்தடி நடந்தால் ஒரு நிமிடம் நில்லுங்கள். நிற்கிறவனுக்குத்தான் முக்குளிப்பான் நீருக்குள் போய் வேறோர் இடத்தில் எழுவது தெரியும். நிற்கிறவனுக்குத்தான் செண்பகம் புதரிலிருந்து குரல் கொடுப்பது கேட்கும். கொண்டுவந்த பையைத் திருப்பி எடுத்துப் போங்கள். அந்தக் கரைக் காட்டை யாருடைய தோப்போ என்று நினையாதீர்கள்; அது உங்கள் பிள்ளையின் தோப்பு.

இங்கிருந்து கடற்கரைப் பக்கம் போனால் மனோரா கோபுரம். அதன் எதிரே உள்ள பாக் விரிகுடாவில்தான் 2022 செப்டம்பரில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பில் நாட்டின் முதல் கடற்பசுக் காப்பகம் அறிவிக்கப்பட்டது. கடலுக்குள் கடற்பசுவைக் காக்க முன்வந்த கரை இது. ஏரிக்கரையில் ஆள்காட்டியைக் காக்க முடியாதா?

மாணவர்களே, கடைசிச் சொல் உங்களுக்கு. ஆண்டுதோறும் பொங்கல் நாட்களில் தமிழ்நாடெங்கும் பறவை ஆர்வலர்கள் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடத்துகிறார்கள். 2015 முதல் நடந்துவருகிறது. யார் வேண்டுமானாலும் சேரலாம். ஓரிடத்தில் பதினைந்து நிமிடம் நின்று, கண்ட பறவையின் பெயரையும் எண்ணிக்கையையும் எழுதிப் பதிவு செய்ய வேண்டும். அவ்வளவுதான். வருகிற பொங்கலன்று காலை, பானை பொங்கிய பிறகு, ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு பெரியகுளத்துக் கரைக்குப் போங்கள். உங்கள் அப்பாவை அழைத்துப் போங்கள், தாத்தாவை அழைத்துப் போங்கள். பறவைகளின் ஊர்ப்பெயர் அவர்களுக்குத் தெரியும். எண்ணியதை எழுதுங்கள். அந்தப் பட்டியலை எடுத்துக்கொண்டு போய்ப் பேரூராட்சித் தலைவரிடம் கொடுங்கள். இவ்வளவு பறவை இங்கே இருக்கிறது, இவற்றுக்கு ஒரு சிறு காடும் எங்களுக்கு ஒரு பாதையும் வேண்டும் என்று கேளுங்கள். பெரியவர்கள் நாங்கள் உங்கள் பின்னால் நிற்போம்.